கட்-ஆஃப் நேரமும் டிரைவரின் தூக்கமும்

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் பட்டறையோ ஆலையோ வைத்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இன்றிரவும் உங்கள் கண்டெய்னர் ஒன்று சென்னைக்குக் கிளம்பும். அதற்குள் படித்துவிடுங்கள்.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள இன்று எத்தனை ஏற்பாடு! கதவில் ஆர்எஃப்ஐடி மின்முத்திரை. லாரியில் ஜிபிஎஸ். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம், அதனால் அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியைத் தாண்டும்போதும் ஒரு மெசேஜ். ஊருக்குள் சிக்னல்களில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா. எல்லாம் நல்லதே. வண்டி எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது. அதை ஓட்டுகிறவர் கடைசியாக எப்போது கண்ணயர்ந்தார் என்று மட்டும் எந்தத் திரையும் காட்டுவதில்லை. நீங்களும் கேட்பதில்லை.

உங்கள் முற்றத்தில் நடப்பதைத்தான் சொல்கிறேன். காலையிலேயே வண்டியை வரவழைத்துவிடுகிறீர்கள். பகலெல்லாம் ட்ரெய்லருக்கு அடியில் துண்டை விரித்து டிரைவர் படுத்திருக்கிறார். பக்கத்திலேயே ஃபோர்க்லிஃப்ட் போய்வரும் சத்தத்தில் தூக்கம் எங்கே வரும்? மாலையில் தரப் பரிசோதகர் ஒரு பேலட்டைப் பிரிக்கச் சொல்கிறார். இன்வாய்ஸில் எடை தப்பு, திருத்த வேண்டும். நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளை ஊருக்குள் விட மாட்டார்கள், அது வேறு. கதவடைத்து முத்திரை போடும்போது இரவு பத்து. துறைமுகத்தில் கேட் கட்-ஆஃப் மறுநாள் காலை. நீங்கள் வீணடித்த ஒரு பகலை, முந்நூற்றைம்பது கிலோமீட்டர் சாலையில் இனி அவர்தான் ஈடுகட்ட வேண்டும்.

நடுராத்திரியில் கிருஷ்ணகிரி தாண்டி வண்டி இருபது நிமிடம் நின்றால் உங்கள் ஆபீஸிலிருந்து போன் போகிறது: “ஏன்பா, வண்டி நிக்குது?” டீ குடிக்கவோ முகம் கழுவவோ நிறுத்தியிருப்பார். அந்த போனை எடுத்துக்கொண்டே அவர் வண்டியைக் கிளப்புகிறார். அது கேட்கிற போன் அல்ல, மிரட்டுகிற போன். போட்டவருக்கும் அது தெரியும்.

மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று 1961-லேயே சட்டம் சொல்லிவிட்டது. இ-வே பில் விதிகூட இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது. அந்தக் கணக்கில் சென்னைக்கு இரண்டு நாள். அரசாங்கத் தாளே இரண்டு நாள் கொடுக்கும்போது ஒரே ராத்திரியில் போய்ச் சேரச் சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது? “வாங்குகிறவன் ஐரோப்பாக்காரன், ஒரு நாள் பொறுக்க மாட்டான்” என்பீர்கள். அவனிடம் வாயைத் திறந்து ஒரு நாள் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்?

லாரிதான் ஒரே வழி என்றும் இல்லை. நாட்டின் முதல் உள்நாட்டுக் கண்டெய்னர் முனையம் 1981-ல் நம் பெங்களூரில்தான் தொடங்கியது. ஒயிட்ஃபீல்டிலிருந்து சென்னைக்குப் பெட்டிகள் ரயிலில் போகின்றன. சரக்கு முன்கூட்டியே தயாராக இருந்தால் அதில் ஏற்றலாம். ஆனால் கடைசி நாள் வரை இழுத்தடிப்பதே நமக்குப் பழக்கம். இழுத்தடிப்பது ஆபீஸ், கண் எரிவது டிரைவருக்கு.

ஆகவே இன்றே செய்யுங்கள். சரக்கு கட்டி முடிந்த பிறகு வண்டியைக் கூப்பிடுங்கள். முற்றத்தில் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எழுதி ஹால்ட் காசு கொடுங்கள். படுக்க ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு குளியலறை ஒதுக்குங்கள். நீண்ட இரவு என்றால் இரண்டாவது டிரைவரை அனுப்புங்கள். ஓடுகிற வண்டிக்கு போன் போடக் கூடாது என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கதவில் முத்திரை போடுமுன் டிரைவரிடம் நீங்களே போய், “அண்ணே, நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?” என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வண்டி நிற்கட்டும். ஷிப்பிங் லைனைக் கூப்பிட்டு அடுத்த கப்பலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கட்டணத்தை உங்கள் கணக்கில் எழுதுங்கள், அவர் பேட்டாவில் கழிக்காதீர்கள்.