தெரிவும் தீர்ப்பும்

பலருள் ஒருவரைத் தெரிந்தெடுத்தல் எந்தச் சமுதாயத்திலும் இடையறாது நிகழும் செயல். முதிர்ந்தவரைத் தெரிவதிற் பெருஞ் சிக்கல் இல்லை. அவர் செய்த செயல்களே அவருக்குச் சான்றாகும். பதினெட்டு வயது இளைஞனைத் தெரியும்போதோ, அவன் இன்னும் செய்யாதவற்றைக் கொண்டே அவனை மதிப்பிட வேண்டியுள்ளது. இவ்வாறு மதிப்பிடும் உரிமை எவருக்கு உண்டு? எந்த அளவுகோல் நேர்மையானது? விளையாட்டு இரசிகரின் அன்றாட விவாதத்திலேயே இந்த அறவினாக்கள் பொதிந்திருக்கின்றன.

2020ஆம் ஆண்டு லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டப் போட்டி தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கி ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்னும் அணி உருவாயிற்று. வெளிநாட்டு வீரரும் தென்னிலங்கை வீரரும் இடம்பெற்ற அவ்வணியில் யாழ்ப்பாணத்து இளைஞர் சிலரும் சேர்க்கப்பட்டனர். புத்தூர்ச் சந்தியிலாயினும் புலம்பெயர்ந்தோர் வாழும் ரொறன்ரோவிலாயினும், இத்தகைய தெரிவைப் பற்றி இருவகைக் குரல்கள் எழுவது இயல்பு. மண்ணின் பெயரைத் தாங்கும் அணியில் மண்ணின் மைந்தருக்கு இடம் வேண்டும் என்பது ஒன்று. திறமைக்கே இடம், ஊருக்கு அன்று என்பது மற்றையது.

திறமைக் கட்சியினரின் வாதத்தை எளிதிற் புறந்தள்ள இயலாது. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம், அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஒருவரைத் தெளிவதை அறியாமை எனக் கண்டிக்கிறது. ஊர்ப்பற்றும் அன்பின் ஒரு வகையே. ஆயினும் அதே அதிகாரம் ஆராய்ந்து பாராமல் தெளிவதையும் கண்டிக்கிறது. எனவே, திறமை எனப்படுவது உண்மையில் எவ்வாறு ஆராயப்படுகிறது என்று வினவுதல் வேண்டும்.

இதற்குத் துணைசெய்வது, தொலைதூரக் கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி ஆட்டம். வட அமெரிக்கத் தேசிய ஹொக்கிச் சங்கத்தின் அணிகள் 1963ஆம் ஆண்டு தொடக்கம் இளம் வீரரை வரிசைமுறையில் தெரிவுசெய்து வருகின்றன. இன்று பதினெட்டு வயதளவிலேயே பெரும்பாலோர் தெரியப்படுகின்றனர். எந்த இளைஞனை எந்த அணி எடுக்க வேண்டும் என்பது அங்கே இரசிகரின் ஓயாத விவாதம். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி முதலிய ஆய்வாளர் கனடாவின் முன்னணி இளம் ஹொக்கி வீரரின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தனர். ஆண்டின் முதல் மூன்று மாதங்களிற் பிறந்தோர், இறுதி மூன்று மாதங்களிற் பிறந்தோரைவிட மிகப் பலராயிருந்தமை புலனாயிற்று. வயதுப் பிரிவு சனவரி முதலாந் திகதியைக் கொண்டு கணிக்கப்பட்டதே இதன் காரணம். எட்டு ஒன்பது வயதிற் பதினொரு மாத மூப்பு என்பது உயரத்திலும் உடல் வலுவிலும் பெரிய வேறுபாடு. அந்த மூப்பு திறமையெனக் கொள்ளப்படுகிறது. திறமையுடையவன் எனக் கருதப்பட்டவனுக்கு நல்ல பயிற்சியாளரும் மிகுந்த ஆட்ட நேரமும் கிடைக்கின்றன. பத்து ஆண்டு கழிந்தபின் அவன் மெய்யாகவே திறமையுடையவனாகிவிடுகிறான்.

இவ்வுண்மை திறமைக் கட்சியின் அடிப்படையையே அசைப்பதாகும். தெரிவு என்பது முன்னரே உள்ள திறமையைக் கண்டறிவதோடு நிற்பதில்லை. திறமையை உண்டாக்கவும் செய்கிறது. தெரியப்பட்டவன் வளர்கிறான், தெரியப்படாதவன் தேய்கிறான். பின்னர் அந்த வளர்ச்சியையும் தேய்வையுமே சான்றாகக் காட்டி, தெரிவு சரியானதே என நிறுவப்படுகிறது.

வல்லுநரின் கணிப்பும் பொய்ப்பதுண்டு. 1993இல் முதலாவதாகத் தெரியப்பட்ட அலெக்ஸாண்டர் டேய்க், தம்மீது வைக்கப்பட்ட எதிர்பார்ப்பை எட்டவில்லை. 1998இல் 171ஆவதாக, இருபது வயதை நெருங்கிய நிலையில் தெரியப்பட்ட பாவெல் டற்சுக் ஆட்டத்தின் உச்சிக்கு உயர்ந்தார். கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் பள்ளிப் பருவத்தில் முதலில் மிதவேகப் பந்தையே வீசினார். பதினான்கு வயதளவிற் பயிற்சியாளரின் அறிவுரையாற் சுழற்பந்துக்கு மாறினார். டெஸ்ற் ஆட்டங்களில் 800 விக்கெற்றுகளை வீழ்த்திய அவரைப் பதின்மூன்றாம் வயதில் அளந்திருந்தால் எந்த அளவுகோல் அவரைக் காட்டியிருக்கும்?

இலங்கைத் தமிழ் மாணவ உலகிற்கு இவ்விவாதம் புதியதன்று. பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட அடிப்படையும் புகுத்தப்பட்டன. யாழ்ப்பாணம் அன்று 'திறமைக்கே இடம்' என்று குரலெழுப்பியது. அதே யாழ்ப்பாணம் துடுப்பாட்ட அணியில் 'மண்ணுக்கு இடம்' என்கிறதே, இது முரணன்றோ என ஒருவர் வினவலாம். விடை காண்பதற்கு இரு முறைகளையும் பிரித்து நோக்கல் வேண்டும். மொழிவாரித் தரப்படுத்தல், ஒரே தகுதியைப் பெற்ற இருவருள் ஒருவரை அவர் பயின்ற மொழி காரணமாகப் பின்தள்ளியது, அது அநீதி. மாவட்ட அடிப்படையோ, அது புகுத்தப்பட்ட நோக்கமும் சூழலும் எவ்வாறாயினும், வேறொரு வினாவையும் உடன்கொண்டு வந்தது. ஆய்வுகூடமற்ற பள்ளியில் ஒருவன் பெற்ற புள்ளியும் வசதிமிக்க கல்லூரியில் மற்றொருவன் பெற்ற புள்ளியும் ஒரே பொருளுடையனவா? மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் தமிழ் மாணவர் சிலருக்கும் அதனாற் கதவு திறந்தது. போட்டியையே உயிராகக் கொண்ட ஹொக்கிச் சங்கங்கூட, முந்திய பருவத்திற் பின்தங்கிய அணிகளுக்கே தெரிவில் முன்னுரிமை அளிப்பதை ஈண்டு ஒப்புநோக்கலாம்.

அவ்வாறாயின் மண்ணுக்கு இடம் கேட்போர் தம்மிடமும் ஒரு வினாவை எழுப்புதல் கடன். மண் என்பதில் எவரெவர் அடங்குவர்? கடின பந்துத் துடுப்பாட்டத்திற்கு ஆடுகளமும் காப்புக் கருவிகளும் பயிற்சியாளரும் வேண்டும். நகரத்துப் பெருங் கல்லூரிகளில் இவை எளிதிற் கிட்டுவதுபோலச் செம்மண் தோட்டங்களுக்கிடையே மென்பந்து வீசும் கிராமத்துச் சிறுவனுக்குக் கிட்டுவதில்லை. மேலும், சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், பொதுக் கிணற்றில் நீரள்ளவும் கோயிலுள் நுழையவும் போராட வேண்டியிருந்த மக்களைக் கொண்டது இக்குடாநாடு. எவர் கண்ணிலும் படாதவன் எந்த அளவுகோலாலும் அளக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு இடம் கேட்கும் குரல், யாழ்ப்பாணத்துக்குள்ளே இடமற்றவனுக்காகவும் ஒலிக்கும்போதே அறத்தின் குரலாகும்.

தெரிவே வேண்டாம் என்பது இதன் முடிவன்று. அணியில் ஆடுவோர் பதினொருவரே. பல்கலைக்கழகத்தின் இடங்களும் எண்ணிக்கைக்குட்பட்டவையே. வேண்டுவது, தெரிவு என்பது ஒரு கணிப்பேயன்றித் தீர்ப்பு அன்று என்னும் தெளிவு. தீர்ப்புக்குப்பின் வழக்கு முடிந்துவிடும். கணிப்போ மீண்டும் சரிபார்க்கப்பட வேண்டியது. புத்தூர்க் கமக்காரன் வலிய நாற்றுக்களை முதலிற் பிடுங்கி நடுகிறான். எஞ்சியவற்றை உடனே எறிந்துவிடுவதில்லை. நட்டவற்றுட் சில பட்டுப்போகும் என்பதையும், நாற்றுமேடையிற் பின்தங்கி நின்றது பின்னர் தழைக்கக்கூடும் என்பதையும் அவன் அறிவான். தெரியப்படாதவனுக்கு இரண்டாவது கதவைத் திறந்துவைத்தல் தெரிவோரின் கருணையன்று. தம் கணிப்பு தவறக்கூடும் என்று அறிந்தோரின் கடமை.

தெரியப்பட்டவனுக்கும் ஒரு கடன் இறுக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில் பத்தொன்பது வயது நிறையுமுன்னரே ஸ்டாலியன்ஸ் அணிக்காகப் பந்துவீசி, அஞ்சலோ மத்யூஸின் விக்கெற்றை வீழ்த்தினார். 2024இல் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். இம்முன்னேற்றம் மகிழ்தற்குரியது. ஆயினும் அத்தகைய இளைஞன் ஒருவன் தன் ஓவரை மட்டுமே வீசுகிறான். நெடுங்காலப் போரினால் நலிந்த ஓர் இனத்தின் ஏக்கம் முழுவதையும் அவன் தோளில் ஏற்றுவது முறையன்று. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றின் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள. குடாநாட்டு நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்தால் உவர் மேலெழும் என்பது இம்மண்ணின் அனுபவம். இளைஞனிடம் எதிர்பார்ப்பதற்கும் அத்தகைய அளவொன்று உண்டு.

இன்று ஓர் இளைஞனின் பெயரைச் சொல்லி 'இவனை எடு, அவனை விடு' என விவாதிப்போர் விளையாட்டையே பேசுவதாக எண்ணலாம். எடுக்கப்படுபவனுக்கும் விடப்படுபவனுக்கும் அது வாழ்க்கை. விடப்பட்டவன் மறுநாட் காலையிலும் பயிற்சிக்கு வருவதற்கு ஓர் ஆடுகளமும், அவனைக் காண்பதற்கு ஒரு கண்ணும் இருக்குமாயின், அந்தத் தெரிவை நேர்மையானது எனக் கொள்ளலாம்.