தாலியும் தலைக்கட்டும்



பாஸ்குத் திருநாள் கழிந்து, ஞாயிறு பூசையில் கலியாண ஓலைகள் வாசிக்கப்படும் காலம் இது. எளாவூர்ப் பக்கத்திலும் ஏரிக்கரைக் குப்பங்களிலும் பாக்கு வெற்றிலை மாற்றுவதும், பந்தக்கால் நடுவதும், கூறைப்புடவை எடுக்கப் போவதுமாக வீடுகள் பரபரப்பாயிருக்கின்றன. இப்படிப்பட்ட நாட்களில் மெய்விவாகத்தைக் குறித்தும், அதைச் சூழ்ந்து நிற்கிற நம்முடைய ஊர் வழக்கங்களைக் குறித்தும் சில வார்த்தைகள் சொல்லுவது நலமென்று எண்ணுகிறோம். பொறுமையோடு வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

கோயிலில் கலியாணத்துக்குக் கூடியிருக்கிறவர்கள் எல்லோரும் தாலி கட்டும் வேளையையே எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்னே மாப்பிள்ளையும் பெண்ணும் வாய்திறந்து சொல்லுகிற சம்மத வார்த்தையே விவாகத்தை உண்டாக்குகிறது. தாலி அந்தச் சம்மதத்தின் அடையாளம். இந்தச் சம்மதம் பங்குக் குருவானவருக்கும் சாட்சிகள் இருவருக்கும் முன்பாகக் கொடுக்கப்பட வேண்டுமென்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில் விதித்தது. ஏன் அப்படி விதித்தது? அக்காலத்தில் மறைவாக விவாகம் செய்துகொண்டு, பிற்பாடு மனம் மாறி, "இவள் எனக்கு மனைவியே அல்ல" என்று சாதித்து வேறொருத்தியை மணந்தவர்கள் உண்டு. கைவிடப்பட்டவள் முறையிட்டால் அவளுக்காகப் பேச ஒரு சாட்சியும் இராது. அந்த அநியாயத்தைத் தடுக்கவே திருச்சபை விவாகத்தைச் சபையின் நடுவே கொண்டுவந்து வைத்தது. ஆகையால் விவாகம் இருவருடைய காரியம் மட்டுமன்று. பார்த்துக்கொண்டிருக்கிற ஊருக்கும் அதில் பொறுப்பு உண்டு. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கடைசிவரையில் இதுவே நமக்கு வேண்டும்.

அதே பொதுச்சங்கம், அந்தந்த நாட்டில் விவாகத்துக்குரிய நல்ல வழக்கங்கள் இருக்குமானால் அவை காப்பாற்றப்பட வேண்டுமென்றும் மிகவும் விரும்பியது. 400 ஆண்டுகள் சென்று, 1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட சட்டத்தில் இதையே மறுபடியும் எடுத்துச் சொன்னது. நம்முடைய வழக்கங்களில் எத்தனையோ நல்லவை உண்டு. பந்தக்கால் நடும்போது பங்காளிகள் எல்லோரும் கூடவேண்டும். கூடவேண்டுமென்றால் பழைய சண்டை தீர்ந்திருக்கவேண்டும். தாய்மாமன் சீர் கொண்டுவருகிறான். பெண்ணைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடு இன்னும் இருக்கிறதென்று அதனால் விளங்குகிறது. மொய் எழுதுகிறார்கள், இன்றைக்கு வாங்கினவன் நாளைக்குத் திருப்பிச் செய்கிறான், கடன்காரனிடம் போகாமல் ஒரு குடும்பத்தை ஊர் தாங்குகிறது. இவையெல்லாம் அன்பு செய்வதற்கு நம் முன்னோர்கள் கண்டுபிடித்த வழிகள்.

ஆனாலும் வழக்கம் பழையது என்பதனாலேயே அதில் கைவைக்கலாகாது என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. தாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பானவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் ஆண்டகை 1704ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது, சிலுவையோ தேவமாதாவின் உருவமோ பொறித்ததை அணியவேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்குத் தாலி கட்டி, அதை முறியாத விவாகமென்று சொல்லிவந்த வழக்கத்தையும் அதே ஆணை தடுத்தது. அந்த ஆணையின் பல விதிகளைக் குறித்து வெகுகாலம் வாதம் நடந்து, 1744ஆம் ஆண்டில் 14ஆம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பானவர் முடிவு கட்டினார். நாம் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றே. தாலி போகவில்லை, இன்றைக்கும் நம் பெண்களின் கழுத்தில் இருக்கிறது. அதில் பொறித்த உருவம் மாறியது, அதைக் கட்டும் வயது மாறியது. வழக்கத்தை அழிக்காமல் அதிலுள்ள குறையை நீக்கலாம் என்பதற்கு இதைவிட அருகிலிருக்கும் அத்தாட்சி வேண்டுமோ?

இனி தலைக்கட்டுக்கு வருவோம். மீன்பிடிக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ரயில்பாதைப் பக்கத்திலும் வயல் பக்கத்திலும் இருக்கிற மற்றக் குடும்பங்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். குப்பத்தில் ஒருவன் எவ்வளவு திறமையாய் வலை வீசினாலும், கலியாணம் ஆகும்வரையில் அவன் தகப்பனுடைய கணக்கிலேயே அடங்கியவன். கலியாணம் முடிந்த பிறகே ஊர்ப் பஞ்சாயத்தார் அவனைத் தனித் தலைக்கட்டாக எழுதுகிறார்கள். அதுமுதல் அவன் ஊர்வரி கொடுக்கிறான். ஊர்க்கூட்டத்தில் அவன் வார்த்தைக்கு இடம் உண்டு. ஊருக்குப் பொதுவாய் எது வந்தாலும் அவனுக்குப் பங்கு உண்டு. பழவேற்காடு ஏரியில் பாடு உள்ள குப்பங்களில், இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப்போட்டு, இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன இடம் என்று முறைவைத்துப் பிரிக்கிறார்கள். அங்கே முறை கேட்கிற உரிமையும் இந்தக் கணக்கோடு சேர்ந்தே வருகிறது. ஒருவனே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாதபடி, வலுத்தவனும் இளைத்தவனும் ஒரே ஏரியில் பிழைக்கும்படி செய்த ஏற்பாடு அது. இதை நாம் மெச்சுகிறோம்.

இன்னும் ஒரு விசேஷத்தைப் பாருங்கள். தனி ஆளாக நின்றவனை ஊர் எண்ணவில்லை. மனைவியோடு சேர்ந்த பிறகே எண்ணுகிறது. அப்படியானால் அந்தத் தலைக்கட்டில் பாதி அவளுடையது அன்றோ? புருஷனும் மனைவியும் இனி இருவரல்ல, ஒன்றே என்று நம் ஆண்டவர் போதித்தார். வேதம் சொல்லுகிறதை நம் குப்பத்துக் கணக்கும் தன் மட்டில் ஒப்புக்கொள்ளுகிறது.

ஆனால் புருஷன் இறந்துபோனால் நடப்பது என்ன? படகு கவிழ்ந்தோ, பாம்பு கடித்தோ, குடியினாலோ, நோயினாலோ அவன் போய்விடுகிறான். பதினாறாம் நாள் கழிந்தபின் பல ஊர்களில் அந்த வீட்டின் பெயர் கணக்கிலிருந்து எடுபடுகிறது. முதலில் இரக்கத்தினால்தான் அப்படிச் செய்தார்கள். "பாவம், அவளிடம் எப்படி வரி கேட்பது?" என்றார்கள். நாளடைவில் அந்த இரக்கமே வேறாக மாறிற்று. வரி இல்லாதவளுக்குப் பங்கும் இல்லை, பங்கு இல்லாதவளுக்குப் பேச்சும் இல்லை என்றாயிற்று. கூடையைத் தலையில் தூக்கிச் சந்தைக்கு நடந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெண்ணுக்கு வரன் தேடுகிறவளும் அவளே. புருஷன் இருந்தபோது வீட்டில் பாதி பாரத்தைச் சுமந்தவள் இப்போது முழுப் பாரத்தையும் சுமக்கிறாள். அவளை ஊர் எண்ணாமல் விடுகிறது. இருவரும் ஒன்றானார்களென்று நாம் சாட்சி சொன்னோமே, அந்த ஒன்று இப்போது எப்படிப் பூஜ்யமாயிற்று?

இது சிறிய காரியமென்று நினைக்கவேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, கர்த்தர் பிறந்த திருநாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் பொங்கி நம் கரையெங்கும் எத்தனையோ உயிர்களை வாரிக்கொண்டது. அதன் பிறகு வந்த அரிசியையும் பணத்தையும் வலையையும் படகையும் கடற்கரைக் கிராமங்கள் பலவற்றில் தலைக்கட்டுக் கணக்குப்படியே பிரித்தார்கள். அந்தக் கணக்கு இருந்ததனாலேயே சண்டையில்லாமல் சீக்கிரமாய்ப் பிரிக்க முடிந்தது என்பது மெய். ஆனால் சில ஊர்களில் விதவைகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் கணக்கில் இல்லாததால் உதவியிலும் விடுபட்டார்கள் என்பதும் மெய். அது அக்காலத்திலேயே பலரால் எடுத்துக்காட்டப்பட்டது. கடல் எடுத்துக்கொண்டது ஒருபுறமிருக்க, கணக்கு எடுத்துக்கொண்டதற்கு யார் உத்தரவாதம் சொல்லுவது?

திருச்சபை பிறந்த முதல் நாட்களிலேயே இதேவிதமான முறைப்பாடு ஒன்று எழுந்தது. அப்போஸ்தலர் நடபடி ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஜெருசலேமில் நாள்தோறும் உணவு பங்கிடுகையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் போனார்கள். அப்போஸ்தலர்கள் அதை அற்பமாய்த் தள்ளவில்லை. சபையைக் கூட்டி, நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, அந்தப் பணியை அவர்களிடம் ஒப்புவித்தார்கள். அவர்களில் முதல்வர் அர்ச். முடியப்பர். வேதசாட்சிகளுக்கெல்லாம் முன்னோடியான அவருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், விதவைகளுக்குப் பங்கு சரியாய்ப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வதே. அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில், அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளின் பெயர்களைச் சபையின் கணக்கில் எழுதிவைப்பதைக் குறித்துப் பேசுகிறார். கவனியுங்கள்: புருஷன் இறந்ததும் நம் ஊர்க்கணக்கில் பெயரை அடிக்கிறோம், ஆதித் திருச்சபையோ அப்போதுதான் பெயரை எழுதிற்று.

கலியாண வீட்டிலும் இதே குறை உண்டு. மகனை வளர்த்து ஆளாக்கிய தாய், தான் விதவை என்பதனால், அவன் கலியாணத்தன்றைக்கே பந்தல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாள். தாலித் தட்டைத் தொடமாட்டாள், நலங்கு வைக்கமாட்டாள், "நான் முன்னே வந்தால் பிள்ளைக்கு ஆகாது" என்று தானே சொல்லிக்கொள்ளுகிறாள். கிறிஸ்தவர்களே, இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? தாலியை மந்திரிக்கத் திருச்சபையில் ஜெபம் உண்டு. தாலியை அறுக்க எந்தச் சடங்கும் நம் சத்தியவேதத்தில் இல்லை.

கானாவூர்க் கலியாணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நம் ஆண்டவரும் சீஷர்களும் தேவமாதாவும் இருந்தார்களென்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். அர்ச். சூசையப்பரின் பெயர் அங்கே இல்லை. அதற்கு முன்னமே அவர் மரித்தாரென்பது திருச்சபையில் தொன்றுதொட்டு வழங்கிவரும் எண்ணம். சிலுவையினடியில் ஆண்டவர் தம்முடைய தாயை அருளப்பரிடம் ஒப்படைத்ததும் அதற்கு ஒத்திருக்கிறது. ஆகவே அந்தக் கலியாண வீட்டில் நம் அன்னை விதவையாகவே நடமாடினாள். இரசம் தீர்ந்துபோனதை வேறெவருக்கும் முன்னே கண்டவள் அவள். அந்த வீட்டாருக்கு வரவிருந்த அவமானத்தைத் தன் மகனிடம் சொல்லி நீக்கினவள் அவள். பணியாளர்களுக்குக் கட்டளை கொடுத்தவளும் அவளே. விதவை வந்தால் ஆகாதென்று கானாவூரார் அவளைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால், அந்தக் கலியாணம் என்னவாகியிருக்கும்?

"ஊர்க் கட்டுப்பாட்டை நாங்கள் மாத்திரம் எப்படி மாற்றுவது சுவாமி?" என்று சிலர் கேட்பீர்கள். ஊரோடு சண்டைக்குப் போகும்படி நாம் சொல்லவில்லை. நம் குப்பங்களில் வேறு மதத்தாரும் நாமும் ஒரே ஏரியை நம்பி, ஒரே ஊராய் வாழ்கிறோம். அவர்கள் வீட்டிலும் விதவைகள் உண்டு, அவர்களுக்கும் இந்த வேதனை உண்டு. நியாயத்தைப் பொறுமையோடு எடுத்துச் சொன்னால் கேட்காத பஞ்சாயத்தார் இல்லை. ஆகையால் இந்த மூன்றையும் செய்யுங்கள்.

முதலாவது, ஊர்க்கூட்டத்தில் உட்காருகிற ஆண்களே, புருஷன் இறந்தாலும் அந்த வீடு அவன் மனைவியின் பெயரில் தலைக்கட்டாகவே இருக்கட்டும் என்று பேசுங்கள். அவளால் முடிந்தால் வரி கொடுக்கட்டும்; முடியாவிட்டால் வரியை விட்டுவிடுங்கள், பங்கை விட்டுவிடாதீர்கள். பேசுவதற்குத் தயங்குகிறவர்கள், நாளைக்குத் தங்கள் சொந்த மனைவியின் பெயர் அந்தக் கணக்கில் நிற்குமா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கலியாணம் நடத்துகிற குடும்பங்களே, விதவையான தாயையும் பாட்டியையும் அத்தையையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள். தாலித் தட்டை அவர்கள் கையில் கொடுத்து ஆசீர்வாதம் பெறுங்கள். மணமக்கள் கோயிலுக்குப் புறப்படுமுன் முதலில் அவர்கள் முன்பாக முழங்காலில் நிற்கட்டும். மாப்பிள்ளையே, இதைச் செய்ய மற்றவர்கள் தயங்கினால் நீயே உன் தாயின் கையைப் பிடித்து அழைத்துவா.

மூன்றாவது, மகன்களைப் பெற்றவர்களே, விதவையின் வீட்டில் பெண்ணெடுக்கும்போது வரதட்சணையென்று வாய் திறவாதீர்கள். அது எந்த வீட்டிலும் பாவம்; 1961ஆம் ஆண்டு முதல் தேசத்தின் சட்டத்திலும் குற்றம். விதவையின் வீட்டிலோ அது அவள் கூடையிலிருந்து பிள்ளைகளின் கஞ்சியைப் பறிப்பதற்குச் சமானம்.

பிரியமான பங்கு மக்களே, பூசையில் ஓலை வாசிக்கும்போது நாமெல்லோரும் காதுகொடுத்துக் கேட்கிறோம். தாலி ஏறும்போது பூப்போடுகிறோம். அந்தப் பூவைப் போட்ட கைகள் சாட்சிக் கைகள். மணமக்களில் ஒருவர் மரித்தாலும் சாட்சிகளின் கடமை மரிப்பதில்லை. நாயீன் ஊர் வாசலில் விதவையின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கிய நம் ஆண்டவர், நம் குப்பங்களின் வாசலிலும் நிற்கிறார். அவர் எழுதுகிற கணக்கில் அவளுடைய பெயர் விடுபடவில்லை. நம் கணக்கும் அவருடைய கணக்கோடு ஒத்திருக்கும்படி கானாவூரில் பரிந்து பேசிய அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாளாக.

ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்