கழுவிய கால்

பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. கோவில் கிணற்றடியில் ஒருவர் காலுக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டிருந்தார். கடற்தொழில் செய்து ஓய்ந்தவர். அன்று சுவாமி கால் கழுவ இருந்த பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர்.

"என்ன அண்ணை, சுவாமி கழுவத்தானே போறார்?"

நிமிராமலே சொன்னார். "அதுக்கு? சுவாமியின்ரை கையிலை ஊத்தை படலாமே, தம்பி?"

குதிக்காலெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் நுரை இறங்கும்படி தேங்காய்ப் பொச்சால் தேய்த்தார். பிறகு விரலிடுக்குகள், ஒவ்வொன்றாக. பூசையில் சுவாமி அந்தக் காலுக்குக் கொஞ்சம் தண்ணீர் வார்த்தார், துவாயால் ஒற்றினார், குனிந்து முத்தமிட்டார், அடுத்த கதிரைக்கு நகர்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பொச்சுத்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பெரிய வாரச் சடங்குகளைத் திருத்தியபோதுதான் கால் கழுவுதல் வியாழன் மாலைப் பூசைக்குள் வந்தது. 2013இல் பிரான்சிஸ் பாப்பரசர் உரோமையில் இளையோர் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் அடங்கிய பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். பாப்பரசர் குனிந்ததை உலகம் பார்த்தது. கால் நீட்டியவர்கள் அன்று காலையில் என்ன செய்திருப்பார்கள்? அவர்களும் தேய்த்துத்தான் இருப்பார்கள்.

சுவிசேஷத்தில் ஆண்டவர் கால் கழுவ வரும்போது இராயப்பர் முதலில் மறுக்கிறார். மறுத்தால் என்னோடு பங்கில்லை என்றதும், அப்படியானால் கையையும் தலையையும் கழுவும் என்கிறார். நடுவில் நிற்கத் தெரியாத மனுசன். கிணற்றடி அண்ணை இரண்டையும் செய்யவில்லை. மறுக்காமல் வந்து இருந்தார், ஆனால் கழுவுவதற்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. அது பணிவா, மரியாதையான ஒரு மறுப்பா?

இன்னொரு சந்தேகமும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சம். யாரின் ஊத்தை யாரில் படலாம் என்பது யாழ்ப்பாணத்தில் சும்மா கேள்வி அல்ல. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று வந்தபோது, 1930ஐ ஒட்டிய அந்த நாட்களில், இங்கே பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்கள். அந்தப் பயம் கோவில் வாசலோடு நின்றதென்று நான் நம்பவில்லை. அண்ணையின் பொச்சில் அது இருந்ததா? சுத்தமாக வருவது நல்ல பழக்கம் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

கொடுக்கிறவர் பக்கத்திலும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். சின்ன வயதில் தவக்காலம் என்றால் வியாகுலப் பிரசங்கம். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. எங்கள் ஊரில் அதை இராகத்தோடு வாசிக்க ஒரு அண்ணாவியார் இருந்தார். அவர் குரல் உடைந்து எழும்புகிற இடத்தில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும். முடித்துவிட்டு வெளியே வந்து, சுருட்டைப் பற்றவைத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி: "எப்பிடி, சனம் அழுததே?" அம்மம்மாவுக்கு அது பிடிக்காது. "ஆண்டவர் சும்மா குடுத்த குரலுக்கு இவருக்கென்ன கூலி?" என்பார். அடுத்த வருசம் முதல் வரிசையில் இருந்து முதலில் அழுவதும் அவர்தான்.

வரங்கள் பொதுநன்மைக்கே என்று கொரிந்தியருக்கு எழுதினார் சின்னப்பர். சரி. ஆனால் அழச் சனம் இல்லாவிட்டால் அண்ணாவியாரின் குரலை என்ன செய்வது? கொடுக்கிறவனுக்கு வாங்குகிறவன் வேண்டியிருக்கிறான், சிலவேளை வாங்குகிறவனுக்கு வேண்டியதைவிட அதிகமாக.

வாங்குகிறவன் விலை கொடுத்ததும் உண்டு. 1816இல் தெல்லிப்பழையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன், விடுதியோடு பள்ளிகள் நடத்தியது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். சோறு கிடைத்தது, படிப்புக் கிடைத்தது, கடலுக்கு அப்பால் இருந்த யாரோ ஒருவரின் பெயரும் ஒட்டிக்கொண்டது. இதை எங்கோ வாசித்த நாளிலிருந்து தருமம் என்றாலே எனக்கு அந்தப் பிள்ளைகள்தான்.

அதே மிஷனில் 1847இல் வந்து சேர்ந்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். அவரிடம் போனவர்கள் கட்டியையும் சீழையும் தேய்த்து மறைத்துக்கொண்டு போயிருக்க முடியாது, உள்ளபடியே நீட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, ஊரோடு இருக்கும் வைத்தியர்கள் வேண்டும் என்று தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் என்று நூல்கள் தமிழில் வந்தன. அதற்குத் தமிழை அவர் எங்கள் ஆட்களிடம் இரந்துதான் பெற வேண்டியிருந்தது. கொடுக்க வந்தவர் முதலில் கை நீட்டிய இடம் அது. எனக்கு அவரில் ஆகப் பிடித்ததும் அதுதான்.

1873இல் ஊர் திரும்பினார். மசாசூசெற்சில் இருந்துகொண்டும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் இறந்தார். தன் கல்லறைக் கல்லில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கும்படி அவரே கேட்டுக்கொண்டாராம்.

கொடுத்தவரின் பெயரைப் பிள்ளை சுமந்த காலத்தில், இவர் வாங்கியவர்களின் பெயரைத் தன் கல்லில் ஏற்றிக்கொண்டார். அதைப் பணிவு என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் செய்த ஊழியத்தைத் தானே கல்லில் வெட்டச் சொல்வதும், சனம் அழுததா என்று கேட்பதும் எவ்வளவு தூரம்? ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் படுகிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.