வீடு போனபின் வரைந்த படம்

காஞ்சியில் தறிக்காரர் வீட்டுச் சிறு பிள்ளையும் அறிந்த காரியம் இது: முதலில் கட்டத்தாளில் பூ எழுதவேண்டும், அதைப் பார்த்து அட்டையில் துளையிடவேண்டும், பிறகுதான் சேலையில் பூ விழும். படம் முந்தி, பொருள் பிந்தி. ஆனால் பொருளை இழந்த பின்பு அதைப் படமாக எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் யாருக்கு என்ன பயன்?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையின் வடபகுதியில் யுத்தத்தினால் வீடிழந்த, தமிழ் பேசும் 80 பேரிடம், அவரவர் வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார். அவர்கள் கைப்பட இழுத்த கோடுகள் முறையான கட்டிட வரைபடங்களாக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் அவரும் ஒரு சித்திரம் தீட்டினார். நூலின் ஆங்கிலப் பெயருக்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள். தோம்பு என்பது போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆண்டபோது காணியையும் உடையவனையும் பதிந்துவைத்த ஏடு.

"படம் எழுதினால் வீடு திரும்பி வருமா?" என்று கேட்பீர்கள். வராது, அது மெய்யே. அயலாருடைய கண்ணீர் வசதியுள்ளவர்கள் பார்த்து ரசிக்கும் அலங்காரமாய்ப் போகும் ஆபத்தும் உண்டு. அப்படியானால் அது பாவமே.

ஆயினும் ஒன்றை யோசியுங்கள். துரைத்தனத்தாரின் தோம்பு வரி தண்டுவதற்காக எழுதப்பட்டது. கிணறு எங்கே, அடுப்படி எங்கே, பாட்டி உட்காரும் திண்ணை எங்கே என்று அது கேட்பதில்லை. இங்கோ இழந்தவனே எழுதுகிறான். அகதி என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டவன், பென்சிலைப் பிடித்தவுடன் மறுபடியும் வீட்டுக்காரனாகிறான். இன்னது இழந்தோம் என்று சொல்லப்படாத இழப்புக்கு நியாயம் கேட்பது எப்படி? ஆகவே அந்தப் படம் நீதியாகாது, நீதிக்கு முதற்படி.

நம் ஊரிலும் தறியை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர்கள் உண்டு. வடநாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்து ஒண்டிக்குடித்தனம் இருப்பவர்கள் உண்டு. அவர்களிடம், "எப்போது வந்தாய்? எவ்வளவு சம்பளம்?" என்கிறோம். "உன் வீடு எப்படி இருக்கும்?" என்று ஒருநாளாவது கேட்டோமா? முதற்கேள்விகள் தோம்புக்காரனுடையவை, கடைசிக் கேள்வி அயலானுடையது.

பெற்றோரே, இவ்வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, அவர்கள் பிறந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்திலிருந்து கேட்கட்டும். சொந்தப் பாட்டியின் வீட்டுக்காக உருகப் பழகிய மனம், அந்நியனுடைய வீட்டுக்காகவும் உருகும்.