துரை பங்களாவின் பூந்தோட்டம்

மலையகத்தில் ‘தோட்டம்’ என்று சொன்னால் யாருக்கும் பூச்செடி நினைவுக்கு வராது. பிரட்டுக்களம், கொழுந்துக்கூடை, கங்காணி, லயக் காம்பரா எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். ‘எந்தத் தோட்டம்?’ என்று கேட்பது ஊரை விசாரிப்பது. ‘தோட்டக்காட்டான்’ என்ற வசையும் அந்த வேரில் முளைத்ததுதான். பூக்களுக்கென்றும் அங்கே ஓர் இடம் இருந்தது. அது துரையின் பங்களாவைச் சுற்றி, வேலிக்கு உள்ளே இருந்தது.

அந்தப் பூந்தோட்டங்களைப் பார்க்க இன்று தூரதேசங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள் சில 2005 முதல் சொகுசு விடுதிகளாக இயங்குகின்றன. நுவரெலியாவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகை கிராண்ட் ஹோட்டல் ஆகிவிட்டது. 1848இல் இங்கு வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து விதை, மாடு, கொல்லன் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுப் பார்த்தவர். சிங்கோனா மரத்துக்காக 1861இல் தொடங்கிய ஹக்கல தோட்டம் பிறகு ரோஜாவுக்குப் பேர்போனது. மகாராணியின் வைரவிழாவுக்கு 1897இல் பெயர் சூட்டப்பட்ட விக்டோரியா பூங்காவும் இருக்கிறது. ‘குட்டி இங்கிலாந்து’ என்று சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. பெருமைப்படவா, வெட்கப்படவா என்று அவை சொல்வதில்லை.

இத்தகைய தோட்டத்தில் நின்று அதன் அழகை அனுபவிப்பது சரிதானா?

அசல் இங்கிலாந்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. அங்கே பழைய பிரபு மாளிகைகளையும் பூந்தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், தன்வசமுள்ள 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பை 2020இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. பெரிய சண்டையே மூண்டது. ஞாயிற்றுக்கிழமை ரோஜா பார்க்கப் போன இடத்தில் கரும்புத் தோட்டத்தை ஏன் நினைவூட்டுகிறீர்கள் என்று பலர் கோபித்துக்கொண்டார்கள்.

எளிதாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. பூ என்ன பாவம் செய்தது என்பது ஒன்று. பூ பாவம் செய்யவில்லைதான். ஆனால் தோட்டம் வெறும் பூவல்ல, ஏற்பாடு. பங்களா பெரும்பாலும் மேட்டில் இருக்கும். புல்தரையில் நின்றால் பச்சைக் கம்பளம் தெரியும், அருவி தெரியும், தூரத்து மலை தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் பீலிக்கரையில் குடத்தோடு காத்து நிற்கும் வரிசையும் அந்தக் காட்சிக்குள் வராது. கண்ணில் எது படக்கூடாது என்ற தீர்மானமும் அந்த அழகில் கலந்திருக்கிறது.

மற்றப் பதில், இது இரத்தம் குடித்த மண், காலே வைக்காதே என்பது. நியாயமான கோபம். தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். ஆனாலும் இந்தப் பதிலோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. அந்த ரோஜாவைப் பதியம் வைத்தவர் யார்? துரை உத்தரவு போட்டிருப்பார், துரைசாணி படம் காட்டியிருப்பார். இராமநாதபுரத்துக் கரிசலையும் செம்மண்ணையும் மட்டுமே அறிந்த ஒரு பரம்பரைதான் டாலியாவுக்கு எத்தனை வெயில், ஹைட்ரேஞ்சியாவுக்கு எவ்வளவு ஈரம் என்று கற்றுக்கொண்டது. கவ்வாத்து வெட்டிப் பழகிய கைதான் வேலியையும் வாரிவிட்டது. துரைமார் மாறிப் போனார்கள். தோட்டவேலைக்காரர் அங்கேயே இருந்தார். அந்த அழகை முழுக்கத் துரையின் கணக்கில் எழுதிவிட்டு நாம் முகம் திருப்பிக்கொண்டால், அவருடைய வித்தையையும் சேர்த்தல்லவா தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்?

வெள்ளைக்காரனை மட்டும் கேட்டு முடிக்கவும் முடியாது. ஜஹாங்கீர் 1619இல் அமைத்த காஷ்மீரத்து சாலிமாரை நம் கூட்டங்களில் எவ்வளவு உரிமையோடு பேசுகிறோம்! அங்கே கால்வாய் வெட்டியவன் பெயரை நம்மில் யார் கேட்டோம்?

பங்களாவிலும் அப்படித்தான். செடிக்கு லத்தீனில் பெயர்ப்பலகை உண்டு. விருந்தினர் அறைக்குப் பழைய துரையின் பெயர் இருக்கும். மண்வெட்டி பிடித்தவருக்குச் செக்ரோலில் மட்டும் ஒரு வரி இருந்தது. போகிறவர்கள் போகட்டும், தேநீரும் குடிக்கட்டும். இதை நட்டவர் யார், அவர் பேரப்பிள்ளை எங்கே குடியிருக்கிறார் என்று விடுதிக்காரரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். பதில் வராவிட்டாலும் பாதகமில்லை. நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காவது பதில் தேடி வைப்பார்கள்.

கேட்டவர்கள் அப்படியே கீழே இறங்கி லயத்துப் பக்கமும் போய்ப் பார்க்கலாம். அங்கேயும் பூந்தோட்டம் உண்டு. பாய் விரிக்கும் அளவு வாசலில் செவ்வந்தி, ரோஜா, கொஞ்சம் கறிவேப்பிலை. பாதிக்கு மேல் மாவு டின்னிலும் உடைந்த வாளியிலும் வளர்கின்றன. இடம் போதாது என்பது ஒரு காரணம். அந்த மண் அவர்களுடையதல்ல என்பது இன்னொரு காரணமாக இருக்கக்கூடும். 1948இல் பிரஜாவுரிமை போயிற்று. 1964 ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்று எழுதியது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. காம்பரா மட்டும் குடியிருந்தவர் பெயருக்கு வரவில்லை. எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று வாழ்ந்த சனத்துக்கு, தகர டின்னில் நட்ட செடி கையோடு எடுத்துப் போகக்கூடிய செடி.

அண்மைக்காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். டின்னைக் கவிழ்த்துச் செடியை நிலத்தில் இறக்க அவர்களுக்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது.