பெயர் பெறாத நோய்

நோயின் பெயரை அறிந்து அதனோடு போராடுதல் ஒரு வகைத் துன்பம். பெயரே அறியாமல் அதனோடு வாழ்தல் மற்றொரு வகைத் துன்பம். முன்னதற்கு மருந்து உண்டு. ஆறுதல் கூற அயலாரும் உண்டு. பின்னதற்கோ ஐயமே துணையாகின்றது. கால் விரல்கள் மதமதக்கின்றன. சில திங்கள் கழித்து ஒரு கண் மங்குகின்றது. பின்னர்த் தானே தெளிகின்றது. நரம்பைச் சார்ந்த இத்தகைய குறிகள் வந்தும் மறைந்தும் அலைக்கழிக்க, ஆய்வுத் தாள்களோ 'நார்மல்' என்றே திரும்புகின்றன. சான்று கிட்டாத இந்த இடைக்காலத்தில் நோயுற்றவர் எவ்வாறு வாழ்வது? உடனுறையும் நாம் அவர் சொல்லை எதனைக் கொண்டு நம்புவது? மருத்துவம் மட்டும் விடையளிக்கும் வினா அன்று இது. அறத்தின் பாற்பட்ட வினாவும் ஆகும்.

வரலாற்றில் இதற்கொரு சான்று காண்கிறோம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர் அகஸ்டஸ் டெஸ்டே என்பார். 1822 டிசம்பரில், உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்கிற்குப் பின், அவருடைய பார்வை மங்கிற்று. வந்த கடிதங்களைப் பிறர் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பின்னர்ப் பார்வை தானே மீண்டது. 1827-இல் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன, கால்கள் வலுவிழந்தன, அவையும் ஓரளவு தேறின. மீண்டும் மீண்டும் வந்த இக்குறிகளை அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மருத்துவர் பலர் பலவாறு கூறினர். நீராட்டும் தைலப்பூச்சும் உணவு மாற்றமும் மாறி மாறி நடந்தன. 1848-இல் அவர் மறைந்தார். இன்று 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என வழங்கும் அந்நோயைப் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ தனியொரு நோயாக விளக்கியது 1868-இல்தான். 26 ஆண்டுகள் பெயரின்றியே நோயைச் சுமந்தார் டெஸ்டே; பெயர் அவர் மறைவிற்குப் பின்னரே வந்தது. ஆயினும் 1822-இல் மங்கிய கண் அன்றே மங்கியதன்றோ? பெயர் பிந்தி வந்தமையால் துன்பம் பொய்யாகி விடவில்லை.

இக்காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் உண்டே, ஏன் காத்திருக்க வேண்டும் எனச் சிலர் வினவலாம். மின்கம்பியின் மேலுறை தேய்ந்தாற்போல, நரம்பிழையைப் போர்த்திய மயலின் உறை சிதைவதே அந்நோயின் இயல்பு. நரம்பு மண்டலத்தில் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு காலங்களிலும் அச்சிதைவு நிகழ்ந்தமை புலப்பட வேண்டும் என்பது, 2001-இல் மெக்டொனால்டு பெயரால் வகுக்கப்பட்ட நெறியின் சாரம். பின்வந்த திருத்தங்கள் காத்திருப்பைப் பெரிதும் குறைத்துள்ளன, முற்றும் நீக்கவில்லை. இதே மதமதப்பு வைட்டமின் பி-12 குறைவாலும் வரும். புலால் உண்ணாத நம் குடும்பங்களில் அக்குறைவு அரிதன்று. ஊசியாலும் மாத்திரையாலும் அதனை ஈடுசெய்தலும் எளிது. ஆதலின், 'இன்னும் தெளிவாகவில்லை' என ஒரு மருத்துவர் கூறின், அதனை அவருடைய இயலாமை எனக் கருதல் வேண்டா. அவசரமாக இட்ட தவறான பெயரினும் நேர்மையான அச்சொல் நன்று.

ஈண்டு ஒன்றைத் தெளிந்து கொள்ளுதல் வேண்டும். மருத்துவர் கொள்ளும் ஐயம், துன்பத்தின் காரணம் யாது என்பது பற்றியது. இல்லத்தார் கொள்ளும் ஐயமோ, துன்பம் உண்டா என்பது பற்றியதாகி விடுகின்றது. முன்னது அறிவின் கடமை; பின்னது அன்பின் குறை. 'படத்தில் ஒன்றும் இல்லையாம். எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லும் வாய், தாள் சொல்லாததைத் தானாகச் சேர்த்துச் சொல்கின்றது. நரம்பின் அமைப்பில் சிதைவின்றிச் செயற்பாட்டில் மட்டும் கோளாறு நேரும் நோய்களும் உண்டு. அவை நடிப்பல்ல என்பதும் உரிய சோதனைகளால் அறியத்தக்கன என்பதும் இன்றைய மருத்துவத்தின் துணிபு.

உண்மையை அறியும் கருவிகளாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை நம் சைவ சித்தாந்த நூலோர் கொண்டனர். நோயின்கண் இவற்றைப் பொருத்திக் காண்போம். படம் காட்டுவது காட்சி. மருத்துவர் உய்த்துணர்வது கருதல். நோயுற்றவர் வாய்ச்சொல் உரை. நம்பத்தக்கார் சொல்லே உரை அளவையாகும் என்பர். தம் காலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வைப் பற்றிக் கூற, அக்காலுக்கு உரியவரினும் நம்பத்தக்கார் யாவர்?

அவ்வுரையும் வெளிமாநிலத்தில் வாழும் நம்மிடையே ஓர் இடர்ப்பாட்டிற்கு உள்ளாகின்றது. மதமதப்பு, விறுவிறுப்பு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், குத்தல் எனத் தமிழ்த்தாய் ஒருத்தி தன் உடலைப் பற்றி எத்துணையோ நுட்பமாகப் பேசுவாள். மருத்துவமனையில் பள்ளி செல்லும் மகளே மொழிபெயர்ப்பாள். அன்னை கூறிய பத்து வாக்கியமும் அவள் வாயில் 'தர்த்' என்னும் ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்கி விடும். இந்தியிலும் வங்கத்திலும் இவ்வுணர்வுகளுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. கடைவீதியில் நாம் கற்ற மொழியில் அவை இல்லை. இது நமக்கே உரிய இடர் எனவும் எண்ணற்க. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையை நிறுவிய வேலூர் மருத்துவமனையை நாடி இன்றும் வங்கத்துக் குடும்பங்கள் இரவெல்லாம் ரயிலில் பயணம் செய்கின்றன. தமிழறியாமல் அங்கே அவர்கள் தவிப்பதும், பிறமொழி அறியாமல் இங்கே நாம் தவிப்பதும் ஒன்றே. சொற்களை முன்னரே எழுதி, மொழி நன்கறிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லுதல் சிறு உதவியாகத் தோன்றலாம். அதன் பயனோ பெரிது.

நோயுற்றவர்க்கும் சில கடமைகள் உண்டு. டெஸ்டேயைப் போல நாளும் பொழுதும் குறித்து வைத்தல் ஒன்று. அக்குறிப்பே பின்னர்ச் சான்றாகும். பொறுமையையும் அசட்டையையும் வேறுபடுத்தி அறிதல் மற்றொன்று. திடீரென முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நொடியும் காத்திருத்தல் ஆகாது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டியது. ஏனைய நாள்களில், விடை வந்தபின் வாழலாம் என வாழ்வையே தள்ளி வைத்தல் வேண்டா. இயன்ற அளவு சமைப்பதும், மாலையில் நடப்பதும், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதும் நோய் கவர்ந்து கொள்ளாத பொழுதுகள்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் எனும் நான்கனையும் மருத்துவத்தின் உறுப்புகளாக எண்ணுகின்றது. காத்திருக்கும் காலத்தில் இவற்றுள் மருந்து இன்னும் தெரியவில்லை. மருத்துவரோ துணிந்து கூற இயலாதிருக்கிறார். எஞ்சுவோர் இருவரே. ஆதலின் அந்நாளில் மருத்துவத்தின் பாதி நம் கையில் இருக்கின்றது எனலாம். நோயின் பெயரை நம்மால் கூற இயலாது; 'நீ சொல்வதை நம்புகிறேன்; அடுத்த முறையும் உடன் வருகிறேன்' எனக் கூற இயலும். தண்டிப்பதற்குத்தான் சான்று வேண்டும். துணை நிற்பதற்கு வேண்டுவதில்லை.