வெப்பப் படமும் கருதல் அளவையும்

வெப்பத்தால் உண்டாகும் படம் எவ்வகை அறிவைத் தருகிறது என்ற கேள்விக்குச் சைவசித்தாந்தத்தின் அளவை இயல் தெளிவான விடை தருகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் முதன்மை அளவைகளாகக் கொள்கிறது. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல். யாழ்ப்பாணத்து அளவெட்டி போன்ற சைவ ஊர்களில் சித்தாந்தம் கற்றவர்களுக்கு இது பழகிய உதாரணம்.

உடல் எந்நேரமும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அக்கதிரை வில்லியம் ஹெர்ஷல் 1800இல் வெப்பமானியால் கண்டறிந்தார். வெப்பக் கமரா அதை அளந்து, சூட்டின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப நிறம் இடுகிறது. படத்திலுள்ள சிவப்பும் நீலமும் உடலில் இல்லை. கருவி காட்டுவது தோலின் சூட்டை மட்டுமே. உள்ளே நோய் உண்டென்பது கருதல்.

கருதல் பிழையாதிருக்க, ஏது, அதாவது புகை போன்ற அடையாளம், தன் பொருளை விட்டுப் பிரியாதிருக்க வேண்டும். மார்பில் புற்றுக்கட்டி இருந்தால் இரத்த ஓட்டம் கூடி அவ்விடம் சூடேறலாம். கிருமித்தொற்றும் அதே சூட்டைத் தரும். ஆழத்தில் மெல்ல வளரும் கட்டியோ தோலைச் சூடாக்காமலே இருந்துவிடலாம். இங்கே ஏது பிறழ்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1982இல் வெப்பப் படத்தை மமோகிராம் போன்ற பரிசோதனைக்குத் துணையாக மட்டுமே அனுமதித்தது. தருக்கம் கற்றவரும் அதற்குமேல் இடங்கொடுக்கமாட்டார்.

அச்சிலும் வெப்பம் இவ்வாறே தடயம் இடுகிறது. ஈ.சி.ஜி. தாளில் மை இல்லை. தாளில் பூசிய நிறமற்ற சாயமும் அமிலப்பொருளும் அச்சுத்தலையின் சூட்டில் உருகிச் சேரும் இடம் கறுக்கிறது. வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ கிடந்தால் அவ்வாறு கறுத்த கோடு மங்கும். நகல் எடுத்து வைப்பது அதனால்தான். அறியப்பட்ட பொருள் வேறு, அதைத் தாங்கும் சடம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சித்தாந்தப்படி கண், கமரா, தாள் யாவும் சடம். அறிவது உயிர், அதற்கு அறிவிப்பது சிவம். ஆகவே கருவியின் நிறத்தை ஆப்தவாக்கியம்போல், அதாவது நம்பத்தக்கவரின் உரைபோல், ஏற்பது, கருதலுக்கு உரையின் அதிகாரத்தைக் கொடுப்பதாகும். இந்தத் தவறு உயிரையே பறிக்கக்கூடும்.

மார்பில் கட்டி தட்டுப்படுபவர் வெப்பப் படத்தின் நீலத்தை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. அளவெட்டிக்கு அருகே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. வைத்தியரைக் கண்டு, அவர் சொல்லும் பரிசோதனைகளைத் தாமதமின்றிச் செய்துகொள்ள வேண்டும்.